பனீர்த் தண்ணிக்குப் புளியும் சாம்பலும்

பத்து லிட்டர் பசும்பாலில் பனீர் போட்டால் சுமார் ஒன்றரைக் கிலோ கட்டி கிடைக்கும். மீதி எட்டு லிட்டருக்கு மேல் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் தண்ணியாகப் பிரிந்து நிற்கும். எங்கள் பக்கம் அதைப் பனீர்த் தண்ணி என்கிறோம். ஆலைகளில் 'வே' என்பார்கள். சின்ன அளவில் பனீர் போடும் எல்லோருக்கும் இந்தத் தண்ணியை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. கட்டி விற்றுவிடும், தண்ணி வாசலில் நிற்கும்.

நான் 14 வருடம் வெளிமாநிலத்தில் ஒரு சீஸ் ஆலையில் வேலை பார்த்தேன். அதில் ஒன்பது வருடம் மெம்பிரேன் பிரிவில் ஷிப்ட் ஆபரேட்டர். இப்போது சென்னிமலைக்குப் பக்கத்தில் ஆறு மாடும் மூன்று ஏக்கரும் வைத்திருக்கிறேன். பழைய வேலையைப் பற்றி ஊரில் யாரும் கேட்டதில்லை. போன தை மாதம்தான் முதல் முறையாகக் கேட்டார்கள்.

எங்கள் ஊரிலிருந்து நாலைந்து ஊர் தள்ளி, 23 குடும்பங்கள் சேர்ந்து ஒரு பனீர்க் கூடம் நடத்துகிறார்கள். தினம் 500 லிட்டர் பால். பனீர் கோவைக்கும் திருப்பூருக்கும் போகிறது, விலை மோசமில்லை. தண்ணியை மட்டும் பின்னால் இருக்கும் ஓடையில் விட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் ஓடைக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நாற ஆரம்பித்துவிட்டது. தோட்டக்காரர் எழுதிப் போட, விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் இயந்திர வியாபாரி வந்து, மெம்பிரேன் வடிகட்டி போட்டால் கழிவுப் பிரச்சினையும் தீரும், தண்ணியிலிருந்து புரோட்டீன் எடுத்துக் காசும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். 18 லட்சம் கடன். நாலு பேர் நிலப் பத்திரத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

கூடத்துத் தலைவி ஓர் அக்கா. "தம்பி, நீங்க இந்த மிசின்லயே வேல பாத்தவிங்களாமா. நம்மளுக்கு இது ஆகுங்களா?" என்றார். ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து வர முடியவில்லை. அன்று மதியம் அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மெம்பிரேன் என்றால் சவ்வு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் சுருட்டி வைத்திருப்பதும் அதுதான். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் சவ்வை 1950களின் கடைசியில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். இன்னொருவர் சிட்னி லோப். 1965இல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அந்த முறையில் குடிநீர் கிடைத்தது. அதற்குச் சில வருடங்களிலேயே பால் ஆலைகளும் சவ்வைப் பிடித்துக்கொண்டன. வே தண்ணியிலிருந்து புரோட்டீனைப் பிரிக்கும் சவ்வுக்கு ஆர்.ஓ.வை விடப் பெரிய துளை. பெரியது என்றாலும் தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். தண்ணீர், பால் சர்க்கரை, உப்பு எல்லாம் அந்தத் துளை வழியே போய்விடும். புரோட்டீன் மேலேயே நின்றுகொள்ளும்.

திருப்பூர்க்காரர்களுக்குச் சவ்வு என்றதும் சாயப்பட்டறைதான் ஞாபகம் வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சாயக்கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஆர்.ஓ., ஜீரோ டிஸ்சார்ஜ் என்ற வார்த்தைகள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டன. அந்த அனுபவத்தில் நொய்யல் கரைக்காரர்கள் தெரிந்துகொண்ட ஒன்று இங்கேயும் பொருந்தும். சவ்வு எதையும் அழிக்காது. இரண்டாகப் பிரித்துத் தரும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வந்தால், உப்பெல்லாம் இன்னொரு பக்கம் கூடி நிற்கும். அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்பது தனிச் செலவு.

அடைப்பு எப்படி வருகிறது

சவ்வு வேலையில் முக்கால்வாசி அடைப்போடு மல்லுக்கட்டுவதுதான். வியாபாரியின் காகிதத்தில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். அது புதுச் சவ்வில் வெறும் தண்ணீர் ஓட்டிப் பார்த்த கணக்கு. வே தண்ணியை விட்ட சில நிமிடங்களிலேயே அளவு இறங்கும். பிறகு மணிக்கு மணி இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே போகும்.

தைப்பூசத்தன்று சென்னிமலையில் கூட்டம் வாசலில் தேங்குமே, அதே கதைதான். தண்ணீர் துளைக்குள் நுழைந்து போய்விடுகிறது. உள்ளே போக முடியாத புரோட்டீன் வாசலில் குவிகிறது. குவிந்தது ஒன்றோடொன்று ஒட்டிப் பாகு மாதிரி படிகிறது. அதில் கொழுப்புத் துணுக்கு, சுண்ணாம்புச் சத்து, கிருமி எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் வே தண்ணியைச் சவ்வுக்கு நேராக அடிக்காமல், அதன் மேல் வேகமாக வழிந்தோட விடுகிறார்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் போகும்வரை வண்டல் தங்காது. ஓட்டம் மெதுவாகும் மடையில்தான் சேறு கட்டும். சவ்விலும் அப்படியே. வேகம் குறைந்தால் படிவு கூடும்.

இதில் புதிதாக வரும் ஆபரேட்டர்கள் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அளவு இறங்கியதும் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். பத்து நிமிடம் அளவு ஏறும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். பிறகு முன்னை விடக் கீழே போய்விடும். கூட்டிய அழுத்தம் பாகை இன்னும் இறுக்கமாக அமுக்கிவிடுகிறது. என் ஷிப்ட் மேற்பார்வையாளர் சேலத்துக்காரர். "அமுக்காதே, ஓட விடு" என்பது அவர் வாயில் நாள் முழுக்க இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு குறைந்த அளவிலேயே ஓட்டி, நேரம் வந்ததும் நிறுத்திக் கழுவ வேண்டும். வேறு வழியில்லை.

சூடும் பெரிய விஷயம். வே தண்ணியை 10 டிகிரிக்குக் கீழே குளிர வைத்து ஓட்டலாம், அல்லது 50 டிகிரியில் ஓட்டலாம். நடுவில் 30, 40 டிகிரியில் ஓட்டினால் கிருமிகளுக்கு விருந்து வைத்த மாதிரி. 50 டிகிரியில் ஓட்டினால் அளவு நன்றாக வரும். ஆனால் சூடு ஏற ஏற சுண்ணாம்புச் சத்து கரைந்து நிற்காமல் கல்லாகப் படியும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், பாலில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் அதற்கு நேர் எதிர்.

முதலில் சாம்பலா, புளியா?

கழுவுவதைப் பற்றி நான் சொன்னதும் அங்கிருந்த பெண்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். பால் காய்ச்சிய சட்டியின் அடியில் இரண்டு விதமாக ஒட்டும். ஒன்று பாலாடையும் பிசுக்கும். அது சாம்பலுக்குப் போகும். இன்னொன்று நாள்பட வெள்ளையாகக் கட்டும் பால் கல். அதைச் சாம்பலால் எவ்வளவு தேய்த்தாலும் அசையாது, புளி போட வேண்டும். சாம்பலில் காரம், புளியில் அமிலம். ஆலையில் சாம்பலுக்குப் பதில் காஸ்டிக் சோடா, புளிக்குப் பதில் நைட்ரிக் ஆசிட். வேறு வித்தியாசமில்லை.

எது முன்னால் என்பதில் கவனம் வேண்டும். வே ஓட்டிய சவ்வில் மேலாக இருப்பது புரோட்டீன் படிவு. அதன் மேல் முதலில் ஆசிட் விட்டால் புரோட்டீன் திரைந்து அங்கேயே இறுகிவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகுமோ அதுதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டாலும் முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அடுத்து காரம், அலசல், பிறகு ஆசிட், மறுபடி அலசல், கடைசியில் கிருமி நீக்கம். ஒரு முறைக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். தினமும் செய்தாக வேண்டும். பால் கேனுக்கும் இதே வரிசைதான், குளிர்ந்த தண்ணீரில் முதல் அலசல், பிறகு சோப்பும் சூடும்.

சொட்டுநீர் வைத்திருப்பவர்களுக்கும் இது புதிதல்ல. உப்புத் தண்ணீரால் சொட்டுவான் அடைத்தால் ஆசிட் விடுகிறோம். பாசி அடைத்தால் குளோரின் விடுகிறோம். எது அடைத்தது என்று ஒன்றைக் கழற்றிப் பார்க்காமல் மருந்து விடுவது வீண். (இங்கே ஒரு எச்சரிக்கை: ஆசிட்டையும் பிளீச்சிங் கரைசலையும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு ஆளைக் கொன்றுவிடும். ஒன்றை விட்டு நன்றாக அலசிய பிறகுதான் மற்றது. ஆர்.ஓ. சவ்வுகளுக்கோ குளோரினே ஆகாது, சவ்வு அரித்துவிடும்.)

அடுத்து தண்ணீர். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராது. அந்தத் தண்ணீரில் காஸ்டிக் கலந்து சவ்வைக் கழுவினால் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பே சவ்வில் படிந்துவிடும். கழுவ மென்னீர் வேண்டும். அதாவது இந்த இயந்திரத்தைக் கழுவ இன்னொரு இயந்திரம். வியாபாரியின் விலைப்பட்டியலில் அது இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது சவ்வையே மாற்ற வேண்டிவரும் என்பதும் இல்லை.

கணக்கு எங்கே இடித்தது

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். லிட்டருக்கு 8 கிராம் புரோட்டீன் என்று கணக்குப் போட்டிருந்தது. அது சீஸ் வே. சீஸுக்குப் பாலை அதிகம் காய்ச்சுவதில்லை, ரென்னட் போட்டுத் திரைய வைப்பதால் வே புரோட்டீன் தண்ணியிலேயே தங்கிவிடும். பனீருக்கு நாம் பாலை 85, 90 டிகிரிக்குக் காய்ச்சுகிறோம். அந்தச் சூட்டில் வே புரோட்டீனில் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக் கட்டியோடு போய்விடுகிறது. பனீர் சாப்பிடுகிறவருக்கு நல்லதுதான். ஆனால் தண்ணியில் மிஞ்சுவது லிட்டருக்கு 3, 4 கிராம்.

இவர்கள் கூடத்தில் தினம் 400 லிட்டர் தண்ணி. லிட்டருக்கு 4 கிராம் வைத்தால் மொத்தமே 1.6 கிலோ புரோட்டீன். அதிலும் ஒரு பங்கு சிறு துணுக்குகளாகச் சவ்வைத் தாண்டிப் போய்விடும். கடையில் கிலோ இரண்டாயிரத்துக்கு மேல் விற்கும் டப்பாவைக் காட்டித்தான் வியாபாரி பேசியிருக்கிறார். டப்பாவில் இருப்பது பொடி. சவ்விலிருந்து வருவது இருபது முப்பது லிட்டர் கெட்டியான தண்ணி. அதைப் பொடியாக்க ஸ்பிரே டிரையர் வேண்டும். அந்த விலைக்கு ஊரையே வாங்கலாம் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். பத்திரம் கொடுக்க இருந்த நாலு பேரில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

கழிவு தீரும் என்று சொன்னது அதைவிட மோசம். வே தண்ணியின் பி.ஓ.டி. லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல். பி.ஓ.டி. என்பது அந்தக் கழிவைக் கரைக்கக் கிருமிகள் உறிஞ்சும் ஆக்சிஜன் அளவு. வீட்டுச் சாக்கடைக்கு அது சில நூறுதான். நீர்நிலையில் விட அனுமதி 30 மில்லிகிராம். இவ்வளவு பி.ஓ.டி.க்கும் முக்கியக் காரணம் பால் சர்க்கரை. புரோட்டீன் சவ்வு சர்க்கரையைத் தடுக்காது. ஆக, சவ்வைத் தாண்டி வரும் தெளிந்த தண்ணி கண்ணுக்கு அழகாக இருக்கும், ஓடைக்குப் போனால் முன்பு போலவே நாறும். அதோடு காஸ்டிக்கும் ஆசிட்டும் கலந்த கழுவு தண்ணீர் தினமும் புதிதாகச் சேரும். சின்ன இயந்திரத்தில் அந்தக் கழுவு தண்ணீரே வே தண்ணி அளவுக்கு வந்துவிடும்.

இதனால் மெம்பிரேன் வீண் என்று நான் சொல்லவில்லை. தினம் லட்சக்கணக்கில் லிட்டர் கையாளும் ஆலைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பெருந்துறையில் ஆலை வைத்திருக்கும் மில்கி மிஸ்ட் நிறுவனம் 2025 ஜூலையில் பங்கு வெளியீட்டுக்காக செபியிடம் கொடுத்த வரைவில், திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை அங்கே வே புரோட்டீன், யோகர்ட், கிரீம் சீஸ் பிரிவுகள் அமைக்கச் செலவிடப் போவதாகச் சொல்லியிருந்தது. அந்த அளவில் டிரையர், மென்னீர், கழிவுநீர் நிலையம், இரவு பகல் ஆபரேட்டர் எல்லாம் கட்டுபடியாகும். 400 லிட்டருக்கு ஆகாது. பத்துப் பதினைந்து கூடங்கள் சேர்ந்து தண்ணியைக் குளிர வைத்து ஓர் இடத்துக்குக் கொண்டுவந்தால் யோசிக்கலாம். அப்போதும் பொடியாக்க நினைக்காமல், பாதி தண்ணீரை எடுத்துவிட்டு மீதியைப் பெரிய ஆலைக்கு டேங்கரில் விற்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொன்னேன், அதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. சவ்வு அடைப்பு பாதி மாட்டுக் கொட்டகையிலேயே ஆரம்பிக்கிறது. மடிநோய் வந்த மாட்டுப் பாலில் உப்பு கூடும், கேசினைச் சிதைக்கும் நொதியும் கூடும். கட்டி சரியாகப் பிடிக்காமல் துணுக்கு துணுக்காகத் தண்ணியில் போகும். ஆலையில் மழைக்காலத்தில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கழுவ வேண்டிவரும். கொட்டகையில் சேறு, மடியில் சேறு, பாலில் கிருமி. புளித்த பாலை மறைக்கச் சோடா மாவு போட்டு ஊற்றினாலும் அதிகமான ஆசிட் கேட்கும், தண்ணியில் உப்பு ஏறும். பனீர் போடுகிறவர்களுக்குச் சவ்வு இருக்கிறதோ இல்லையோ, இதனால் வரும் நஷ்டம் இருக்கிறது. துணுக்காகத் தண்ணியில் போவது அவர்கள் பனீர் எடைதான். மறுநாள் அந்தக் கூடத்தில் வடிகட்டித் துணியை இன்னும் நெருக்கமான நெசவுக்கு மாற்றியதில் கிடைத்த எடை வித்தியாசத்தை அந்த அக்கா போன் போட்டுச் சொன்னார்.

கடன் வாங்கவில்லை. பதிலாகச் செய்தது மூன்று காரியம். முந்தின நாள் தண்ணியில் கொஞ்சத்தைச் சுத்தமாகப் புளிக்க வைத்து, மறுநாள் பாலைத் திரைய வைக்கச் சிட்ரிக் ஆசிட்டோடு சேர்த்துக்கொள்கிறார்கள். சிட்ரிக் செலவு குறைகிறது. பெரும்பகுதி, பால் ஊற்றும் வீடுகளுக்கே திரும்பிப் போகிறது. வீட்டுக்கு 15 லிட்டர் மாதிரி. ஆறின தண்ணியை அன்றன்றைக்கே தவிட்டில் கலந்து மாட்டுக்கு வைக்கிறார்கள். முதல் வாரம் மாட்டுக்கு ஒரு லிட்டர், பிறகு மெல்லக் கூட்டலாம். ஒரேயடியாக வைத்தால் வயிறு உப்பும். பால் கேனில் எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். பிளாஸ்டிக் குடமே போதும். மிச்சம் இரண்டு வீட்டுச் சாண எரிவாயுத் தொட்டிக்குப் போகிறது. சாணத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கூடினால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் பனீர் ஆர்டர் இரண்டு மடங்காகும்போது தண்ணி இன்னும் மிஞ்சுகிறது. அப்போது பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர் வந்து எடுத்துப் போகிறார், காசு கொடுப்பதில்லை. கிணற்றுக்காரரோடு வைகாசியில் போய்த் தண்ணீரை இறைத்துப் பார்த்தோம். நாற்றம் குறைந்திருக்கிறது, குடிக்க இன்னும் ஆகாது. ஐப்பசி மழை பெய்து ஊறிய பிறகு மறுபடி பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறோம். அந்தச் செலவைக் கூடமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.